பிளக்கைப் பிடுங்கினால் எஸ்டி கார்டு ஏன் சாகிறது?

"போர்டு செத்துப்போச்சு சார், வேற ஒண்ணு அனுப்புங்க." நான்கு மாதத்தில் மூன்றாவது முறையாக அதே இடத்திலிருந்து அதே அழைப்பு. ஒரு பட்டறையில், இயந்திரம் நாளொன்றுக்கு எத்தனை உருப்படி செய்கிறது என்று எண்ணிப் பதிவு செய்ய நான் பொருத்திக் கொடுத்த ராஸ்பெரி பை அது. ஒரே போர்டில் அடங்கிய, எஸ்டி கார்டிலிருந்து இயங்கும் சிறு கணினி. எடுத்து வந்து மேசையில் வைத்து வேறொரு எஸ்டி கார்டைச் செருகினேன். அரை நிமிடத்தில் பூட் ஆகிவிட்டது. போர்டுக்கு ஒரு குறையும் இல்லை. பழைய கார்டை லேப்டாப்பில் போட்டு, கடைசி நாளின் பதிவுக் கோப்பைத் திறந்தேன். காலையிலிருந்து நேரமும் எண்ணிக்கையும் வரிசையாக, ஒழுங்காக இருந்தன. மாலை ஆறரை மணியளவில் ஒரு வரி பாதியில் நின்றது. அதற்குப் பிறகு கோப்பின் முடிவு வரை வெறும் பூஜ்ய பைட்டுகள்.

அடுத்த நாள் நேரில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஆறரைக்கு வேலை முடிந்தது. கடைசியாகக் கிளம்பியவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார். அவர் செய்ததில் தவறே இல்லை. ஆள் இல்லாத கட்டடத்தில் மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போவது நல்ல பழக்கம்தான். சுவரில் இருக்கும் பெட்டிக்குள் ஒரு கணினி ஓடுகிறது, அதை முதலில் ஷட்டவுன் செய்ய வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் எதை அழுத்துவார்? நான்தான் ஒரு பட்டன்கூட வைக்கவில்லையே. மூன்று கார்டுகளும் என் வடிவமைப்பில் இருந்த ஓட்டையால் போனவை. சிங்கிள் போர்டு கணினிகளை வைத்துக் கருவி செய்யும் பலரிடமும் இதே ஓட்டையைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு நிரல் "எழுதிவிட்டேன்" என்று சொன்னால் தகவல் கார்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். போயிருக்காது. இந்தப் போர்டுகளில் ஓடும் இயங்குதளமான லினக்ஸ் அதை முதலில் ரேமில் வைத்துக்கொள்ளும். வழக்கமான அமைப்பில் 30 வினாடி வரைகூட அது அங்கேயே கிடக்கலாம். வேகத்துக்காகவும் கார்டின் ஆயுளுக்காகவும் செய்த ஏற்பாடு அது. கார்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை 5 வினாடிக்கு ஒருமுறை தன் ஜர்னலை, அதாவது மாற்றங்களின் குறிப்பேட்டை, பதிவு செய்யும். அதனால் திடீரென மின்சாரம் போனாலும் கோப்பு முறைமையின் கட்டமைப்பு பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் கோப்புக்குள் இருக்கும் தகவலுக்கு ஜர்னல் பொறுப்பேற்பதில்லை. கோப்பின் புதிய நீளம் பதிவாகி, உள்ளடக்கம் வந்து சேர்வதற்குள் மின்சாரம் போனால், நான் பார்த்தது போன்ற பூஜ்யங்கள்தான் மிஞ்சும். போர்டு எழும்போது முதலில் படிக்கும் பகுதியான பூட் பார்ட்டிஷனுக்கு அந்த ஜர்னலும் கிடையாது, ஏனென்றால் அது பழைய ஃபேட் வகைக் கோப்பு முறைமை. இயங்குதளத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவதை நான் மிகவும் அஞ்சுவது இதனால்தான்.

இதற்கும் அடியில் இன்னொரு தளம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

எஸ்டி கார்டுக்குள் நினைவகம் மட்டும் இல்லை, அதை நிர்வகிக்க ஒரு சிறிய கன்ட்ரோலரும் இருக்கிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்கெனவே எழுதியதன் மேலேயே மறுபடி எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். அழிப்பதையோ கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய முடியாது, பெரிய தொகுதியாகத்தான் முடியும். நீங்கள் நான்கு கிலோபைட்டை மாற்றினால்கூட, கன்ட்ரோலர் அதைப் புதிய இடத்தில் எழுதி, தேவைப்பட்டால் பக்கத்துத் தகவலை இடம் மாற்றி, எது எங்கே இருக்கிறது என்று காட்டும் தன் அட்டவணையையும் திருத்துகிறது. அந்த அட்டவணையில் கை வைத்திருக்கும் நொடியில் மின்சாரம் போனால், நீங்கள் தொடாத கோப்புகளும் தொலையலாம். ஒரு வருடமாக மாறாத இயங்குதளக் கோப்பும் அதில் ஒன்றாக இருக்கலாம். "நான் அந்தக் கோப்பைத் தொடவே இல்லையே, ஏன் பூட் ஆகவில்லை?" என்ற கேள்விக்குப் பல நேரம் இதுதான் பதில். லினக்ஸின் ஜர்னலால் இந்தத் தளத்தை எட்டிப் பார்க்கக்கூட முடியாது. சர்வர்களுக்கான எஸ்எஸ்டிகள் பலவற்றில், மின்சாரம் போன பிறகும் கையில் இருக்கும் வேலையை முடித்துக்கொள்ள கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். சாதாரண கார்டில் அதற்கு இடமே இல்லை.

மின்சாரம் முழுதாகப் போனால்தான் ஆபத்து என்றும் இல்லை. ராஸ்பெரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் குறைமின்னழுத்த எச்சரிக்கை கொடுக்கும். மெலிந்த யுஎஸ்பி கேபிளும் அரைகுறை அடாப்டரும் சேர்ந்தால், சுமை ஏறும் ஒவ்வொரு முறையும் போர்டு அந்த விளிம்பைத் தொட்டுவிட்டு வரும். வேறு எதையும் செய்யும் முன் கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள்.

சரி, முறையாக அணைக்கும்போது என்ன நடக்கிறது? பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சேவைக்கும், அவற்றை நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் "முடித்துக்கொள்" என்று ஒரு சிக்னல் அனுப்பும். அதற்கு சிக்டெர்ம் என்று பெயர். வழக்கமான அமைப்பில் 90 வினாடி வரை காத்திருக்கும். அதற்கும் அசையாத நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தும். பிறகு ரேமில் தேங்கியதையெல்லாம் கார்டில் எழுதி, கோப்பு முறைமைகளைக் கழற்றிவிட்டு ஓயும். இங்கே பைத்தானில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்ட்ரோல்-சி அழுத்தினால், முடியும் முன் கடைசியாக ஓட நீங்கள் எழுதி வைத்த ஃபைனலி பகுதி ஓடும். சிக்டெர்ம் வந்தால், நீங்களாக அதைப் பிடித்துக் கையாளாதவரை, ஃபைனலி ஓடாது, நிரல் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். மேசையில் கன்ட்ரோல்-சி கொடுத்துச் சோதித்துவிட்டு "எல்லாம் சேமிக்கிறது" என்று நம்பி அனுப்பிய கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். முறையாக ஷட்டவுன் செய்தும் அவற்றில் கடைசித் தகவல் தொலைந்தது.

ராஸ்பெரி பை 2012இல் வந்தது. முதன்மை வரிசையில் பவர் பட்டனோடு வந்த முதல் போர்டு 2023இல் வந்த ராஸ்பெரி பை 5தான். பீகிள்போன் பிளாக் என்ற இன்னொரு சிங்கிள் போர்டு கணினியில் அது தொடக்கத்திலிருந்தே உண்டு. பட்டன் இல்லாத பழைய பை போர்டுகளில் நாமே வைத்துக்கொள்ளலாம். நிரலால் இயக்கக்கூடிய பின்களுக்கு ஜிபிஐஓ என்று பெயர். அவற்றில் ஜிபிஐஓ 3, அதாவது போர்டின் 5ஆம் பின், அதற்குப் பக்கத்து 6ஆம் பின் கிரவுண்ட். இரண்டுக்கும் நடுவில் சாதாரண புஷ் பட்டன் ஒன்று, கான்ஃபிக் கோப்பில் ஜிபிஐஓ-ஷட்டவுன் ஓவர்லேக்கு (ஒரு பின்னுக்கு வேலை ஒதுக்கும் கூடுதல் அமைப்பு) ஒரு வரி. அழுத்தினால் முறையாக அணையும். அணைந்த பிறகு அதே பட்டனை அழுத்தினால் மறுபடி எழும். எழுப்பும் வேலை அந்த ஒரு பின்னுக்குத்தான் இருப்பதால் வேறு பின்னுக்கு மாற்றாதீர்கள். சென்சார்களை இணைக்கப் பயன்படும் ஐ2சி என்ற தகவல் வழிக்கும் அதே பின்தான் கடிகாரப் பின். ஐ2சி சென்சார் இருந்தால் இரண்டும் மோதும். அப்போது பட்டனை வேறு பின்னில் வைத்து, எழுப்பும் வசதியை விட்டுவிட வேண்டியதுதான். பட்டனை அழுத்தியவுடன் பிளக்கைப் பிடுங்கவும் கூடாது. பச்சை விளக்கு சிமிட்டி முழுதாக அணையும்வரை பொறுத்திருங்கள்.

பட்டன், ஆள் வந்து அழுத்தினால்தான் உதவும். மெயின் சுவிட்சை அணைப்பவருக்கும் அறிவிப்பில்லாமல் வரும் மின்வெட்டுக்கும் அது போதாது. அங்கே தேவைப்படுவது சிறிது நேரம் தாங்கும் சேமிப்பு. நான் பெரும்பாலும் சூப்பர் கெப்பாசிட்டரைத் தேர்ந்தெடுக்கிறேன், பேட்டரியைப் போல ஓரிரு வருடத்தில் தேய்ந்துபோகாது என்பதால். கணக்கு எளிது. 100 ஃபாரட், 2.7 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டைத் தொடராக இணைத்தால் 50 ஃபாரட். 5 வோல்ட்டுக்கு நிரப்பி நேராக போர்டுக்குக் கொடுத்தால், 4.65 வோல்ட் வரை இறங்குவதற்குள் கிடைப்பது சுமார் 84 ஜூல். 5 வாட் எடுக்கும் போர்டுக்கு அது 17 வினாடிதான். அதே கெப்பாசிட்டருக்குப் பின்னால், குறைந்த வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர் வைத்து 2.5 வோல்ட் வரை உறிஞ்சவிட்டால் சுமார் 470 ஜூல் கிடைக்கும். கன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பைக் கழித்தாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் வரும். உங்கள் போர்டு ஷட்டவுன் ஆக எத்தனை வினாடி எடுக்கிறது என்று அளந்துவிட்டு, அதைவிடக் குறைந்தது இரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு என்னை மாட்டிவிட்டது வேறொன்று. மின்சாரம் போகிறது. போர்டு ஐந்து வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டு ஷட்டவுனைத் தொடங்குகிறது. பாதி வழியில் மின்சாரம் திரும்பிவிடுகிறது. தொடங்கிய ஷட்டவுன் நிற்காது. போர்டு முறையாக ஓய்ந்துவிடும். ஆனால் நடுவில் கெப்பாசிட்டர் தாங்கிப் பிடித்ததால் போர்டின் பார்வையில் 5 வோல்ட் அறுபடவே இல்லை. மின்சாரம் புதிதாக வந்தால்தானே அது எழும்? எழாது. யாராவது வந்து பிளக்கைப் பிடுங்கிச் செருகும்வரை, எல்லா விளக்கும் எரியும் கட்டடத்தில் இந்தக் கருவி மட்டும் உறங்கிக் கிடக்கும். கோபுரத்தின் மேலோ தொலைவான பம்ப் அறையிலோ இருந்தால் அதற்காகவே ஒருவர் போய்வர வேண்டும்.

இதற்கு மருந்து, ஷட்டவுன் தொடங்கிவிட்டால் அதை முடித்து, மின்சாரத்தை உண்மையிலேயே துண்டித்து, சில வினாடி கழித்து மறுபடி கொடுப்பது. ஜிபிஐஓ-பவர்ஆஃப் என்ற ஓவர்லே இதற்கென்றே இருக்கிறது. கோப்பு முறைமைகளெல்லாம் கழன்று, எல்லாம் முடிந்த கடைசிக் கட்டத்தில் ஒரு பின்னை உயர்த்தும். நாம் மாற்றாவிட்டால் அது ஜிபிஐஓ 26. அந்த சிக்னலைப் பார்த்து மின்சுற்று துண்டிக்க வேண்டும். "30 வினாடியில் துண்டித்துவிடு" என்று டைமரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு சேவை முரண்டு பிடித்தால் 90 வினாடிகூட ஆகும் என்று மேலே பார்த்தோமே.

அப்புறம், எழுதுவதையே குறைப்பது. ராஸ்பெரி பை இயங்குதளத்தின் அமைப்புக் கருவியிலேயே ஓவர்லே கோப்பு முறைமை என்ற தேர்வு இருக்கிறது (மேலே சொன்ன ஜிபிஐஓ ஓவர்லேகள் வேறு, இது வேறு). அதை இயக்கினால் கார்டு படிக்க மட்டும்தான், மாற்றங்களெல்லாம் ரேமில் நடந்து அணைத்ததும் மறையும். வெறும் திரை காட்டும் கருவிக்கு இதுவே போதும், கெப்பாசிட்டர்கூட வேண்டாம். பதிவு செய்யும் கருவிக்குத் தகவல் தங்க வேண்டுமே என்று, அதே கார்டில் தனி பார்ட்டிஷன் போட்டு அதில் மட்டும் எழுதுபவர்கள் உண்டு. பார்ட்டிஷன் என்பது லினக்ஸ் போட்ட கோடு, கார்டின் கன்ட்ரோலருக்கு அது தெரியாது. இரண்டு பார்ட்டிஷனுக்கும் அட்டவணை ஒன்றுதான். தகவலை வேறொரு கார்டிலோ பென்டிரைவிலோ எழுதுங்கள், அல்லது நெட்வொர்க்கில் அனுப்பிவிடுங்கள். அமைப்புக் கோப்பு எதையாவது திருத்தினால், தற்காலிகப் பெயரில் எழுதி, ரேமில் இருப்பதை உடனே கார்டில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் கொடுத்து, பிறகு பழைய பெயருக்கு மாற்றுங்கள். பழையதோ புதியதோ, ஏதாவது ஒன்று முழுதாக இருக்கும்.

செய்ததெல்லாம் சரியா என்று பார்க்க நான் ஒரு ரிலே வைத்து, ஒழுங்கற்ற இடைவெளியில் மின்சாரத்தை இரவு முழுக்க வெட்டவிடுகிறேன். நடுவில் மின்சாரம் திரும்பும் அந்தச் சிக்கல் அப்படித்தான் பிடிபட்டது. காலையில் வந்து பார்த்தபோது ரிலே சொடுக்கிக்கொண்டே இருந்தது, போர்டு மட்டும் எழவில்லை.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் கருவி எப்படி என்று இன்றே பார்த்துவிடலாம். பூட் ஆனவுடன் கர்னல் செய்திகளில் ஃபேட் பார்ட்டிஷன் சரியாகக் கழற்றப்படவில்லை, எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைச் சோதிக்கும் நிரல்) ஓட்டவும் என்றோ, ஈஎக்ஸ்டி4 மீட்பு நடந்தது என்றோ வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வந்திருந்தால், அதற்கு முன் எப்போதோ அந்தக் கருவி முறையாக அணையாமல் நின்றிருக்கிறது.