டிஸ்க் 100% என்றால் நிரம்பிவிட்டது என்று பொருள் அல்ல

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று பார்த்துப் பதறிய இடங்களில் இந்த மாதத்தில் இது மூன்றாவது. இம்முறை ஒரு தணிக்கையாளர் அலுவலகம். பழைய கணக்கு மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாததால், விண்டோஸ் 7 ஏற்றிய மெய்நிகர் கணினி ஒன்றுக்குள் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) அதை ஓட்டிவந்தார்கள். யாரும் வேலை செய்யாத நேரத்திலும் டிஸ்க் கரகரவென்று ஓடுகிறதே என்று அங்கிருந்த ஒரு தம்பிக்குச் சந்தேகம். கணினியில் என்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார், டிஸ்க் 100%. இடம் நிரம்பிவிட்டது என்று அவரே முடிவுகட்டி, மெய்நிகர் கணினியின் ஃபோல்டருக்குள் போய், வாலில் 000001, 000002 என்று எண் போட்டிருந்த பெரிய கோப்புகளை நீக்கப் பார்த்திருக்கிறார். கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று விண்டோஸ் மறுத்தது. விடுவாரா? மெய்நிகர் கணினியை டாஸ்க் மேனேஜர் வழியாகவே கொன்றுவிட்டு, ரீசைக்கிள் பின்னுக்கும் போகாதபடி ஷிஃப்ட்டை அழுத்தியபடி நீக்கிவிட்டார்.

ஸ்னாப்ஷாட் என்பது மெய்நிகர் கணினியின் ஒரு நேரத்து நிலையை அப்படியே நிறுத்திவைப்பது. அதை எடுத்த நாளுக்குப் பிறகு எழுதப்பட்டவை அத்தனையும் அந்தக் கோப்புகளில்தான் இருந்தன. 14 மாதக் கணக்கு. மிஞ்சிய மூலக் கோப்பு ஸ்னாப்ஷாட் எடுத்த அன்றைய நிலையிலேயே நிற்கிறது. “ஸ்னாப்ஷாட்தான் பேக்கப் என்று நினைத்தோம்” என்றார் ஆடிட்டர். அதே டிஸ்கில், அதே ஃபோல்டரில் இருப்பது எப்படி ஐயா பேக்கப் ஆகும்?

இந்த 100% விவகாரத்தை இன்றோடு தீர்த்துவிடுகிறேன். அந்த எண் இடத்தைச் சொல்லவில்லை, வேகத்தையும் சொல்லவில்லை. டிஸ்க் எவ்வளவு நேரம் ஓயாமல் இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. ரேஷன் கடையில் எடை போடுபவருக்கு மூச்சுவிட நேரமில்லை என்றால், கிடங்கு நிரம்பி வழிகிறது என்றா பொருள்? நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. சிதறிக் கிடக்கும் தரவைத் தேடி, டிஸ்கைப் படிக்கும் முள் நகரவும் வேண்டும். ஆக, வினாடிக்கு ஏறத்தாழ 80 முறைதான் இங்குமங்கும் ஓட முடியும். ஒவ்வொரு முறையும் 4 கிலோபைட் எடுத்தால் மொத்தம் 320 கிலோபைட்! அரை மெகாபைட்கூட நகராமல் டிஸ்க் 100% காட்டுவது இப்படித்தான். இரண்டு மெய்நிகர் கணினிகள் ஒரே டிஸ்கில் இருந்தால் முள் படும் பாட்டை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, “சும்மா இருக்கும்போது ஓடும் டிஸ்க், நான் மவுஸைத் தொட்டதும் நின்றுவிடுகிறது, யாரோ ஹேக் செய்கிறார்கள்” என்று இரவு பதினொரு மணிக்கு வரும் அழைப்புகள். நீங்கள் சும்மா இருக்கும் நேரம் பார்த்து விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைகளைச் செய்கிறது. நீங்கள் திரும்பியதும் ஒதுங்கிக்கொள்கிறது. நல்ல வேலைக்காரரின் இலக்கணம் அது. மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் விண்டோஸும் இதையே செய்யும். உங்கள் மவுஸ் வெளியே இருப்பதால், உள்ளே இருப்பதற்கு நீங்கள் வந்தது தெரியாது, அவ்வளவுதான்.

சந்தேகம் வந்தால் விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து டிஸ்க் பகுதிக்குப் போங்கள். எந்த நிரல் ஓடுகிறது என்பதோடு நிற்காமல், எந்தக் கோப்பு என்று பாருங்கள். முக்கால்வாசி விடை அங்கேயே இருக்கும். ரேமுக்குப் பதிலாக விண்டோஸ் டிஸ்கில் வைத்திருக்கும் பேஜ்ஃபைல் முதலிடத்தில் இருந்தால் ரேம் போதவில்லை. 8 ஜிபி கணினியில் ஆளுக்கு 4 ஜிபி கொடுத்து இரண்டு மெய்நிகர் கணினிகளை ஏற்றினால், வீட்டுக்காரர், அதாவது வெளியே இருக்கும் விண்டோஸ், எங்கே உட்காருவார்? தணிக்கையாளர் அலுவலகத்திலும் ரேம் போதாததுதான் சிக்கல். விஎம்இஎம் என்று முடியும் கோப்பு என்றால், மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருளான விஎம்வேர் அதன் ரேமையே டிஸ்கில் ஒரு கோப்பாக வைத்துக்கொண்டு எழுதுகிறது. அமைப்பில் ஒரு வரி மாற்றினால் அடங்கும்; தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். மெய்நிகர் டிஸ்க் கோப்பை விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் படித்துக்கொண்டிருந்தால் அந்த ஃபோல்டருக்கு விலக்குக் கொடுங்கள், ஆனால் உள்ளே தனியாக வைரஸ் தடுப்பு இருக்க வேண்டும். மெய்நிகர் மென்பொருளே எழுதிக்கொண்டிருந்தால் கோளாறு வெளியே இல்லை. உள்ளே நுழைந்து அங்கே என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

எந்தக் கோப்பும் பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் பதில் நேரம் மட்டும் ஆயிரக்கணக்கான மில்லிவினாடி காட்டுகிறது என்றால் ஆராய்ச்சி வேண்டாம். டிஸ்க் சாகக் கிடக்கலாம். முதலில் தரவை வேறு இடத்துக்கு நகலெடுங்கள்.

பழைய ஸ்னாப்ஷாட்டை அகற்ற வேண்டுமானால் மெய்நிகர் மென்பொருளின் ஸ்னாப்ஷாட் மேலாளர் வழியாக மட்டும் அகற்றுங்கள். அது மாற்றங்களை மூலக் கோப்போடு சேர்க்கும். மணிக்கணக்கில் ஆகலாம், டிஸ்க் கதறலாம். பயந்துபோய் பவரைப் பிடுங்காதீர்கள்.

அந்தத் தம்பியைத் திட்டிவிட்டேன். பிறகு வருத்தமாக இருந்தது. நீக்கிய பிறகும் கணினி இரண்டு நாள் ஓடியதால், நீக்கிய கோப்புகள் இருந்த இடத்தில் பாதிக்கு மேல் வேறு தரவு எழுதப்பட்டுவிட்டது. அலுவலகத்தில் இப்போது 16 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் இருக்கின்றன. ரசீதுக் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு பழைய கணக்கை மறுபடி ஏற்றுகிறார்கள். போன வாரம் போனபோது ஏப்ரல் மாதத்தில் இருந்தார்கள்.