மூன்றாவது முறையும் சளி: வளர்ப்புப் பாம்புக்கு மருந்தைத் தொடரலாமா?

பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு, உறையின் வாயைக் கட்டி, துணிக்கூடையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார் அந்தத் தம்பி. முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்பே சத்தம் கேட்டது. சைக்கிள் டியூபில் ஊசித்துளை இருந்தால் வருமே, அப்படி ஒரு மெல்லிய சீழ்க்கை. நடுநடுவே 'டிக்' என்று ஒரு சொடுக்கு. வெளியே எடுத்தபோது பாம்பு தலையை மேலே தூக்கியே வைத்திருந்தது. வாயைத் திறந்து டார்ச் அடித்தேன். மூச்சுத் துளையின் ஓரத்தில் சளி நூல்போல இழுபட்டு நின்றது.

"டாக்டர், இந்த வருஷத்துல இது மூணாவது தடவை. இன்னும் ஊசி போடலாமா, இல்ல விட்டுடலாமா? பாம்புக்குப் போய் இன்னும் எவ்வளவுடா செலவு பண்ணுவேன்னு அப்பா கேக்கறார்."

இப்படிக் கேட்பவர்களை நான் குறைவாக நினைப்பதில்லை. அக்கறை இல்லாதவர் மூன்றாவது முறை கூடையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் வேறொன்றைக் கேட்பேன்: நோய் திரும்ப வந்ததா, இல்லை போகவே இல்லையா?

அவர் வளர்ப்பது பால் பைதான். பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு, அதனால் வந்த ஆங்கிலப் பெயர். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 வருடம்கூட இருக்கும். நம் ஊர்ப் பாம்புகள் எதையும் வீட்டில் வைக்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. இதுபோன்ற வெளிநாட்டு உயிரினங்களையும் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லையே என்ற பயத்தில் வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பாம்பின் சளியை நம் சளிபோல நினைக்கக் கூடாது. பாம்புக்கு உதரவிதானம் கிடையாது. நம்மைப்போல இருமிச் சளியைத் தள்ள அதனால் முடியாது. ஊர்வனவற்றின் சீழ் தண்ணீராக ஓடாமல் பாலாடைக்கட்டிபோல இறுகிவிடும். இறுகிய சீழுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் நோய் எதிர்ப்பே வெளிச்சூட்டை நம்பித்தான் இருக்கிறது. உடம்பு குளிர்ந்தால் எதிர்ப்பும் படுத்துவிடும்.

அதனால் அடுத்த கேள்வி: "ராத்திரி ஏசி எத்தனையில் வைப்பீங்க?"

"இருபத்திரண்டு டாக்டர்."

"டப்பா எங்கே இருக்கு?"

"கட்டிலுக்குப் பக்கத்துல. ஆனா அடியில ஹீட் மேட் இருக்கு."

ஹீட் மேட் தரையைச் சூடாக்கும். பாம்பு இழுக்கும் காற்றைச் சூடாக்காது. வயிறு வெதுவெதுப்பில், நுரையீரல் 22 டிகிரியில். ஈரப்பதம் வேண்டும் என்று எங்கோ படித்து, அடியில் போட்ட கோகோபீட்டையும் (தேங்காய் நார்த்தூள்) சொதசொதவென்று நனைத்து வைத்திருந்தார். மழைக்காலச் சென்னையில் அதற்குத் தேவையே இல்லை. போதாக்குறைக்கு, போன இரண்டு முறையும் சத்தம் நின்றதும் ஊசியையும் நிறுத்தியிருக்கிறார். சத்தம் நின்றால் நோய் போய்விட்டதாக அர்த்தமில்லை. வாராவாரம் எடை பார்த்து எழுதி வைத்திருந்தார், அதை மனதாரப் பாராட்டினேன். அந்த நோட்டில் 1,420 கிராம் என்று தொடங்கிய எண் எட்டு மாதத்தில் 1,180க்கு இறங்கியிருந்தது.

இந்த முறை ஊசிக்கு முன்பே மூச்சுக்குழாயைக் கொஞ்சம் உப்புநீர் விட்டுக் கழுவி, அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினேன். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வந்தது, முன்பு போட்ட மருந்துக்கு அது மசியவில்லை என்றும் தெரிந்தது. செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மாறினோம். பாம்பின் உடம்பிலிருந்து மருந்து மெதுவாகத்தான் வெளியேறும் என்பதால் 72 மணி நேரத்துக்கு ஒரு ஊசி போதும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தை மனதில் வைத்து, உடம்பின் முன்பாதியில்தான் போடுவது வழக்கம். டப்பா ஹாலுக்குப் போனது. கோகோபீட்டுக்குப் பதில் செய்தித்தாள், ஹீட் மேட்டுக்குச் சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட், இரு முனையிலும் தெர்மாமீட்டர்: ஒருபக்கம் 32, மறுபக்கம் 26, 27. நாலாவது வாரம் எலியைப் பிடித்தது. அடுத்த மாதம் சட்டையை ஒரே உரியாக உரித்துப்போட்டது.

இந்த மாதிரி நோயாளியை விட்டுவிடலாமா என்று கேட்டால், விடக் கூடாது என்றுதான் சொல்வேன். அதற்கு இன்னும் ஒழுங்கான வைத்தியமே கிடைத்திருக்கவில்லை.

வேறு மாதிரியும் உண்டு. சூடு சரி, ஈரம் சரி, கல்ச்சர் பார்த்துக் கொடுத்த மருந்தை முழுதாக முடித்தாயிற்று, அப்படியும் திரும்ப வருகிறது. அப்போது எக்ஸ்ரேயில் இறுகிய சீழ் தெரிகிறதா, உண்ணி இருக்கிறதா என்று பார்ப்போம். அதையும் தாண்டினால் வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். மலைப்பாம்புகளின் நுரையீரலைத் தாக்கும் நிடோவைரஸ், 2014இல் பால் பைதான்களில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதற்கு மருந்து இல்லை. ஆன்டிபயாடிக், கூடவே சேரும் பாக்டீரியாவை அடக்கிக் கொஞ்ச நாள் மூச்சை லேசாக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கட்டத்தில் நான் எண்களைவிட நாட்களைப் பார்ப்பேன். ஊசி இல்லாமல் எத்தனை நாள் நிம்மதியாக மூச்சு விட்டது? போன முறை நான்கு மாதம், இந்த முறை ஆறு வாரம், அடுத்தது பத்து நாள் என்று இடைவெளி சுருங்கினால் அதுவே பதில். தானாக இரை எடுக்கிறதா, படுத்திருக்கும்போதும் வாயைத் திறந்தே மூச்சு விடுகிறதா என்றும் பார்ப்பேன். பாம்பு கத்தாது, முனகாது. அதனால் அதற்கு வலியில்லை என்று நினைத்துவிடுகிறோம். பணமும் ஒரு காரணம்தான், அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். முன்கூட்டியே சொன்னால், இருக்கும் பணத்தில் எந்தச் சோதனை உண்மையில் உதவும் என்று சேர்ந்தே முடிவு செய்யலாம்.

ஆனால் வைத்தியத்தை நிறுத்துவது வேறு, அப்படியே போட்டுவிடுவது வேறு. மூச்சுத் திணறும் பாம்பு சாவதற்கு வாரக்கணக்கில்கூட ஆகும். ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டால் அதுவும் சாகும், நோய் அங்குள்ள பாம்புகளுக்கும் பரவலாம். ஃப்ரீசரில் வைத்தால் தூங்குவதுபோலப் போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். அது கொடுமை, தயவுசெய்து வேண்டாம். பாம்பின் மூளை ஆக்சிஜன் குறைந்தாலும் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் நாங்கள் முதலில் முழுமையாக மயக்கி, பிறகு மருந்து செலுத்தி, இதயத்துடிப்பைக் கேட்க உதவும் டாப்ளர் கருவியில் இதயம் நின்றதை உறுதி செய்து, அதற்குப் பிறகும் மூளையின் செயல் முற்றிலும் நின்றுவிட வேண்டியதைச் செய்கிறோம்.

பதினொரு வருடம் வளர்த்த பாம்போடு ஒரு அம்மா வந்தார். ஐந்தாவது முறை. வைரஸ் சோதனை முடிவு கையில் இருந்தது. "நான் நிறுத்தச் சொன்னா தப்பா டாக்டர்?" என்றார். தப்பில்லை என்றேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றும் சொன்னேன். மயக்கம் ஏறும்வரை அதைத் தன் கையிலேயே சுற்றியிருக்க விட்டார். டாப்ளரின் 'உஷ், உஷ்' சத்தம் இடைவெளி விட்டு விட்டு, கடைசியில் அடங்கியது. நான் இன்னும் கொஞ்ச நேரம் கருவியை எடுக்காமல் பிடித்திருந்தேன்.

அவர் வீட்டில் இன்னும் இரண்டு பாம்புகள் இருந்தன. தனித்தனி அறையில் வைக்கவும், ஒன்றைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவாமல் மற்றதைத் தொடாமலிருக்கவும், அடுத்த வாரமே இரண்டையும் சோதனைக்குக் கொண்டுவரவும் எழுதிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்துவிட்டார், இரண்டு தலையணை உறைகளோடு.