மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிடாது

நாகர்கோவிலில் என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவன் ஒருவன் தன் மாமாவின் ஏர் ரைஃபிளை, அதாவது காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கியை, தூக்கிக்கொண்டு வந்தான். பத்து பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) கொள்ளும் வட்ட மேகசின். "சார், நாலு குண்டு சேர்ந்து விழுகிறது, அஞ்சாவது எங்கோ போகிறது. பேரல் (குழல்) கெட்டுவிட்டதா?"

மேகசினைக் கழற்றி, ஒவ்வொன்றாகக் கையால் வைத்துச் சுடச் சொன்னேன். ஐந்து துளையும் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கின.

பிறகு காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, மேகசின் வழியாக ஒரு பெல்லட்டைப் பேரலுக்குள் தள்ளி, துடைக்கும் கம்பியால் மெல்ல வெளியே எடுத்தோம். லென்ஸில் பார்த்தால் தலையின் ஒரு ஓரத்தில் மட்டும் நகம் கீறியதுபோல் ஒரு பளபளப்பு. மேகசின் துளையும் பேரல் வாயும் மயிரிழை விலகியிருந்தன. ஈயம் மெத்தென்ற உலோகம். அரை கிராம் எடையுள்ள பெல்லட்டில் ஒரு பக்கம் வழிக்கப்பட்டால், சுழலும்போது தள்ளாடாமல் என்ன செய்யும்?

இதை வைத்து மேகசினே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். துளை நேராக அமைந்த மேகசின் கையால் வைப்பதற்குச் சளைத்ததல்ல. ஆனால் கையால் வைப்பவன் ஒவ்வொரு பெல்லட்டையும் பார்க்கிறான். பின்விளிம்பு நசுங்கியிருந்தால் விரலே சொல்லிவிடும். மேகசினை நிரப்பிப் பையில் போட்டு வாரக்கணக்கில் மறப்பவர்களும் உண்டு. நம் கடலோர ஈரக்காற்றில் ஈயத்தின்மேல் வெள்ளைப் பொடி பூத்துவிடும். 10 மீட்டர் போட்டியில் ஒரு நேரத்தில் ஒரு பெல்லட்தான். பத்துப் புள்ளிக்கான பொட்டு அரை மில்லிமீட்டர். 60 குண்டுக்கு 75 நிமிடம். அங்கே அவசரத்துக்கு வேலையே இல்லை.

குறி தவறுவதைவிட எனக்குப் பயம் வேறொன்றில். பெல்லட்டைப் பேரலுக்குள் ஏற்றும் தண்டான போல்டைத் தள்ளியதை மறந்து மறுபடியும் இழுத்துத் தள்ளினால், பல ரைஃபிள்களில் முதல் பெல்லட்டின் பின்னால் இரண்டாவதும் ஏறிவிடும். மேகசினைக் கழற்றினாலும் பேரலுக்குள் போனது அங்கேயேதான் இருக்கும்.

மாணவனும் அன்று, காற்றை இறக்குவதற்கு முன்பு, மேகசினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "காலி சார்" என்று ரைஃபிளை என் பக்கம் திருப்பினான். "மக்களே, முதலில் அதை இலக்குப் பக்கம் திருப்பு" என்றேன். விசையை அழுத்தியதும் பலகையில் 'டப்'பென்று ஒரு துளை விழுந்தது.