ஆக்ஸிலரி பேட்டரி: துணை மின்கலமா, துணை அடுக்கா?

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனம் போன்ற இடங்களுக்கு ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் போகிறவர்கள் பலர், பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். உள்ளே 100 ஆம்பியர்-மணி அளவில் ஒரு பேட்டரி. வெளியே சில சாக்கெட்டுகள், ஒரு வோல்ட் மீட்டர், அதிக மின்சாரம் தாங்கும் சாம்பல் நிற ஆண்டர்சன் பிளக். குளிர்பெட்டி, கூடார விளக்கு, போன் சார்ஜர் எல்லாம் இதில்தான் ஓடும். இரவெல்லாம் குளிர்பெட்டி ஓடினாலும் காலையில் எஞ்சின் கிளம்ப வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பெயர் போர்ட்டபிள் ஆக்ஸிலரி பேட்டரி.

தமிழில் எழுத உட்கார்ந்தால் 'கையடக்கத் துணை மின்கலம்' என்றுதான் கை போகும். அது சரியாக வராது.

முதலில் பேட்டரி. பிரெஞ்சில் 'பத்ர்' என்றால் அடித்தல். அதிலிருந்து வந்த 'பத்தெரி' அடிப்பதைக் குறித்து, பிறகு கோட்டையை அடித்து நொறுக்க வரிசையாக நிறுத்திய பீரங்கித் தொகுதியையும் குறித்தது. 1749இல் பெஞ்சமின் பிராங்க்ளின் 11 கண்ணாடிப் பலகைகளை ஈயத் தகடுகளோடு ஒன்றாக இணைத்து, அந்தத் தொகுதிக்கு மின் பேட்டரி என்று பெயர் வைத்தார். இன்றைய கணக்கில் அது பேட்டரியே அல்ல, மின்தேக்கி. ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. 1800இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்டா துத்தநாகத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் மாற்றி மாற்றி வைத்து, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையைச் செருகிக் காட்டினார். அதற்குப் பிரெஞ்சில் 'பீல்' என்று பெயர், அடுக்கு என்று பொருள். இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் டார்ச்சில் போடுவதை அப்படித்தான் சொல்கிறார்கள்.

தமிழில் ஒற்றை செல் மின்கலம், பல செல்கள் சேர்ந்தது மின்கல அடுக்கு. இலங்கையில் மின்கலவடுக்கு என்று சேர்த்தே எழுதுவார்கள். ஆக, பொருளில் நம் சொல் பிராங்க்ளினின் பீரங்கியை விட்டுவிட்டு வோல்டாவின் பக்கம் நிற்கிறது. பேட்டரியைத் திறந்து பார்த்தாலும் அதுதான் பொருத்தம்: 12 வோல்ட் காரீய அமில பேட்டரியில் 2.1 வோல்ட் கலங்கள் ஆறு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 3.2 வோல்ட் கலங்கள் நான்கு. இதை வெறும் மின்கலம் என்பது பிழை.

ஆக்ஸிலரிக்கு மூலம் லத்தீனின் 'ஆக்ஸிலியம்', அதாவது உதவி. ரோமாபுரியில் குடியுரிமை பெற்றவர்கள் லீஜியன் படையில் இருந்தார்கள். மற்றவர்களைத் திரட்டிய படைக்கு 'ஆக்ஸிலியா' என்று பெயர். நமக்கும் மூலப்படை, கூலிப்படை என்று எண்ணும் ஆறு வகையில் துணைப்படை உண்டு. ஒரு குளிர்பெட்டியை ஓட்டுகிற பொருளின் பெயரில் இரண்டு சொல்லுமே போர்க்களத்து வழியாக வந்தவை என்பது வேடிக்கைதான். ஆகவே 'துணை' பழுதில்லாத சொல். ஆனால் 'துணை மின்கலம்' என்று சேர்த்தால் வம்பு: பள்ளி இயற்பியலில் முதன்மை மின்கலம் என்பது ஒருமுறை தீர்த்துப் போடுவது, துணை மின்கலம் என்பது திரும்ப மின்னேற்றக் கூடியது. அந்தக் கணக்கில் எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியும் துணை மின்கலமே! 'துணை மின்கல அடுக்கு' என்றால் குழப்பம் பெரும்பாலும் தீர்கிறது.

துணை என்ற சொல்லை வயரிங்கிலும் பார்க்கலாம். எஞ்சின் ஓடும்போது அது சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர் இரண்டு பேட்டரியையும் ஏற்ற வேண்டும், எஞ்சின் நின்றதும் இரண்டும் பிரிந்துவிட வேண்டும். பழைய வண்டிகளில் வோல்டேஜைப் பார்த்துச் சேர்த்துப் பிரிக்கும் ஒரு ரிலே போதும். புதிய வண்டிகளில் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டர் தன் வோல்டேஜைக் குறைத்துக்கொள்வதால் அந்த ரிலே ஏமாந்துபோகும். வரும் வோல்டேஜ் குறைந்தாலும் பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர்தான் வழி. லித்தியத்துக்கும் அதுவே நல்லது. முன்னாலிருந்து பின்னால் வரும் நீண்ட வயருக்கு இரு முனையிலும், பேட்டரிக்கு மிக அருகில், ஃபியூஸ் கட்டாயம். இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால் வயர் எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் இரு திசையிலிருந்தும் மின்சாரம் பாயும்.

போர்ட்டபிள் என்பது லத்தீனில் 'போர்தாரே', சுமத்தல். எளிதில் தூக்கிச் செல்லக் கூடியது என்று பொருள். கையடக்கம் என்றால் கைக்குள் அடங்க வேண்டும். 100 ஆம்பியர்-மணி காரீய அமில பேட்டரி 30 கிலோவை ஒட்டி வரும். அது எந்தக் கைக்கு அடங்கும்? லித்தியம் அதில் பாதிக்கும் குறைவு என்பதோடு, சேமித்ததில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். காரீயத்தில் பாதியோடு நிறுத்தினால்தான் ஆயுள் நீளும். பெட்டி வகைக்கு லித்தியம் பொருந்துவது இதனால்தான், விலை கூடுதல் என்றாலும். எதுவானாலும் கட்டிவைக்காமல் ஓட்டக் கூடாது. திரவ அமிலம் உள்ள வகையை ஆள் உட்காரும் இடத்தில் வைப்பதும் வேண்டாம். ஏற்றும்போது ஹைட்ரஜன் வெளியேறும்.

எழுத்தில் 'எடுத்துச் செல்லும் துணை மின்கல அடுக்கு' என்பது என் தேர்வு. நீளம்தான். ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு அப்புறம் 'துணை அடுக்கு' என்று சுருக்கிக்கொள்ளலாம். பேச்சில் 'துணை பேட்டரிப் பெட்டி' போதும்; மெக்கானிக்கிடம் அதுவும் வேண்டாம், 'செகண்ட் பேட்டரி' என்றாலே புரிந்துகொள்வார்.