கேரி பேக்கில் மிஞ்சிய பாகங்கள்

ரிப்பேருக்கு மெஷின் தூக்கி வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டுல கழட்டிப் பார்த்தீங்களா?" என்பதுதான். "ஆமாங்க, சும்மா பார்த்தேன்" என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி: "மிச்சம் ஆனதைக் கொண்டாந்திருக்கீங்களா?" பாதிப் பேர் அசடு வழியச் சிரித்தபடி வண்டியிலிருந்து ஒரு கேரி பேக்கை எடுப்பார்கள். மீதிப் பேர், "அது வீட்டுல எங்கியோ கிடக்குதுங்க. அது இல்லாமயே ஓடுதே!" என்பார்கள்.

கையில் பிடித்து ஓட்டும் கரண்ட் மெஷின்களைக் கோவையில் ரிப்பேர் பார்த்து வருகிறேன். கடை போர்டில் வெறுமனே 'கிரைண்டர் சர்வீஸ்' என்று எழுதியிருந்த காலத்தில், மாவாட்டும் கல்லைக் கொத்தித் தருவீங்களா என்று கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் முதல் பொருள். நான் இங்கே பேசுவது இரும்பு வெட்டவும் தேய்க்கவும் பயன்படும் நாலு இஞ்ச் ஹேண்ட் கிரைண்டரைப் பற்றி. கிரில் பட்டறையில் மட்டும் இருந்த மெஷின் இப்போது வீட்டுக்கும் வந்துவிட்டது. கேட்டில் துரு தேய்க்க, டைல்ஸ் வெட்ட, மாடித் தோட்டத்துக்கு ஸ்டாண்டு அடிக்க என்று ஆன்லைனில் வாங்கிவிடுகிறார்கள். வாங்கியவர்களுக்கு அதைப் பிரித்துப் பார்க்கும் ஆசையும் வருகிறது.

ஆசை தப்பில்லை. கார்பன், அதாவது மோட்டாருக்குள் உரசித் தேயும் கரித்துண்டு, அதை மாற்றுவதற்கெல்லாம் என்னிடம் வரவே வேண்டாம். எனக்குச் சண்டை எல்லாம் அந்த 'ஓடுது' என்ற வார்த்தையோடுதான்.

போன மழைக்காலத்தில் ரிட்டயரான வாத்தியார் ஒருவர் வந்தார். மரத்தில் சின்னச் சின்ன பொம்மை செய்கிறவர், கை சுத்தமான மனிதர். "ஓடுது தம்பி. ஆனா பத்து நிமிஷத்துல கையில பிடிக்க முடியாத சூடு. ஒரு வாசனை வேற வருது" என்றார். கேரி பேக்கை அவரே மேஜைமேல் கவிழ்த்தார். மூன்று சாமான்கள் விழுந்தன: ஒரு பிளாஸ்டிக் வளையம், ஒரு கறுப்பு ரப்பர் தொப்பி, இரண்டு துளை போட்ட சின்ன பிளாஸ்டிக் துண்டு ஒன்று.

வளையத்திலிருந்து தொடங்குகிறேன், அவருடைய சூட்டுக்குக் காரணம் அதுதான். இந்த மெஷினுக்குள் இருக்கும் மோட்டார் சீரிஸ் மோட்டார். வெளியே ஃபீல்டு காயில், நடுவே சுற்றும் ஆர்மேச்சர், அதன் வாலில் செம்புப் பட்டைகள் அடுக்கிய காமுடேட்டர், அதை இரண்டு பக்கமும் உரசும் கார்பன். மிக்ஸியிலும் டிரில்லிலும் இதே வகைதான். சின்ன உடம்பில் 600, 700 வாட் இழுக்கும் மோட்டார் காற்று இல்லாமல் பிழைக்காது. ஆர்மேச்சரின் முன்பக்கம் ஒரு ஃபேன் இருக்கிறது. பின்பக்கத் துவாரம் வழியாகக் காற்றை இழுத்து, கார்பனையும் காயிலையும் தடவவிட்டு, கியர் பக்கமாக வெளியே தள்ளுவது அதன் வேலை. ஃபேனுக்கும் ஃபீல்டு காயிலுக்கும் நடுவே உட்காரும் இந்த வளையம்தான் காற்றுக்கு வழி காட்டுகிறது. அது இல்லாவிட்டால் ஃபேன் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் கடைந்துகொண்டிருக்கும், காயில் பக்கம் காற்று போகாது. வாத்தியாருக்கு வந்த வாசனை காயிலின் வார்னிஷ் வேகும் வாசனை. இன்னும் நாலு நாள் ஓட்டியிருந்தால் ஆர்மேச்சரே போயிருக்கும். மெஷின் விலையில் பெரிய பங்கு அதற்குத்தான்.

ரப்பர் தொப்பி பின்பக்க பேரிங்குக்கு. அது இல்லாவிட்டால் பேரிங்கின் வெளி வளையம் பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்து, கூட்டை உருக்கிப் பெரிதாக்கிவிடும். பிறகு புது பேரிங் போட்டாலும் ஆடும். இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது துண்டைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. வயர் மெஷினுக்குள் நுழையும் இடத்தில் அதை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் அது. வயர் இழுபட்டால் அந்த இழுப்பு கிளாம்போடு நிற்கும், உள்ளே இருக்கும் கனெக்ஷன்வரை போகாது. அவர் புது வயர் மாற்றியிருந்தார். பழையதைவிடக் கொஞ்சம் தடித்த வயர். கிளாம்ப் உட்காரவில்லை, விட்டுவிட்டார். இழுத்துப் பார்த்தேன், கையோடு வந்தது.

ஹேண்ட் கிரைண்டர் பிளக்கில் பல நேரம் எர்த் பின் இருக்காது. மெஷினின் பேர்ப் பட்டையில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு குறி இருக்கும், பாருங்கள். இரட்டை இன்சுலேஷன் என்று அதற்குப் பொருள். கியர் தலை அலுமினியம், கை அங்கேதான் அதிகம் படுகிறது. உள்ளே கரண்ட் கசிந்தால் கொண்டுபோக எர்த் வயர் கிடையாது. அதற்குப் பதிலாகத்தான் உள்ளே அத்தனை பிளாஸ்டிக் தடுப்புகளும் கிளாம்ப்களும் உறைகளும். நாம் 'இது எதுக்கு வெச்சானோ' என்று ஒதுக்குவது அந்த எர்த்துக்குப் பதில் நிற்கும் ஆளை. ஆர்மேச்சரின் தண்டுக்கும் இரும்பு அடுக்குக்கும் நடுவேகூட ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. விலை மலிவாக வரும் டூப்ளிகேட் ஆர்மேச்சர்களில் அந்த உறை இல்லாததைப் பார்த்திருக்கிறேன். போட்டால் மெஷின் நன்றாகவே ஓடும்.

இதையெல்லாம் சொன்னபோது வாத்தியார், "அப்போ நான் தொட்டிருக்கவே கூடாதா?" என்று கேட்டார். இல்லை சார், தொடுங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. நிறைய வீடுகளில் பாக்ஸ் சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறது. அணைத்த பிறகும் மெஷினுக்குள் ஃபேஸ் வந்து நிற்கும். பிடுங்கிய பிளக்கைக் கண்ணெதிரில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் பிள்ளைகள் உதவி செய்வதாக நினைத்துச் சொருகிவிடுவார்கள். டிஸ்க்கையும் கழற்றி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஸ்குரூ கழற்றும்போதும் செல்போனில் ஒரு படம். இந்தப் பழக்கம் ஒன்று இருந்திருந்தால் கேரி பேக்குகள் பாதி குறைந்திருக்கும்.

மெஷின் விட்டு விட்டு ஓடுகிறது, உள்ளே பொறி அதிகம் என்றால் பத்தில் பல தடவை கார்பன் தேய்ந்திருக்கும். நீளம் ஐந்தாறு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றலாம். சில கார்பனில் தேய்மான எல்லைக்கு ஒரு கோடே இருக்கும். ஒரு பக்கம்தான் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். உங்கள் மாடலுக்கு உரிய கார்பனையே கேட்டு வாங்குங்கள். மிக்ஸி கார்பனை உரசிச் சின்னதாக்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்களை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன். கார்பனிலும் மெது, கடினம் என்று ரகம் இருக்கிறது. போதாததற்குக் கையால் உரசியது கூட்டுக்குள் கோணிக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் மாட்டிக்கொண்டு இறங்காது. புதுக் கார்பன் போட்டதும் டிஸ்க் இல்லாமல் ஐந்து பத்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். காமுடேட்டரின் வளைவுக்குக் கார்பன் படிய அந்த நேரம் வேண்டும். அதற்குமுன் வேலைக்கு வைத்தால் பொறி பறக்கும்.

காமுடேட்டர் காப்பிக் கொட்டை நிறத்தில் பளபளவென்று இருந்தால் அது அழுக்கு கிடையாது. கார்பனும் செம்பும் சேர்ந்து போட்டுக்கொண்ட மேல்தோல், அதைத் தேய்த்து எடுக்காதீர்கள். கறுத்துச் சொரசொரப்பாக இருந்தால் மட்டும் மரம் தேய்க்கும் மிக நைசான உப்புத்தாளால் லேசாகத் துடையுங்கள். எமரித்தாள் வேண்டாம், அதன் பொடி கரண்ட் கடத்தும். செம்புப் பட்டைகளுக்கு நடுவே அது மாட்டிக்கொண்டால் பட்டைக்குப் பட்டை ஷார்ட். கார்பன் முனையில் சின்ன நீலப் பொறி தெரிவது இயல்பு. பொறி வளையமாகக் காமுடேட்டரைச் சுற்றி ஓடினால் அங்கே நிறுத்திவிடுங்கள். அது ஆர்மேச்சர் விஷயம், அதைச் சோதிக்க கிரௌலர் என்ற கருவி வேண்டும்.

மூடிய பிறகு நேராக 230 வோல்ட்டில் சொருகாதீர்கள். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் எல்லோரிடமும் இருக்கும் சீரிஸ் பல்பு போர்டு ஒன்று செய்துவையுங்கள், மெஷினுக்குப் போகும் கரண்ட் ஒரு பல்பு வழியாகப் போகும்படி இணைத்த போர்டு அது. 100 வாட் குண்டு பல்பு போதும். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. உள்ளே நேர் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மெஷின் அசையாது, ஃபியூஸும் போகாது. சரியாக இருந்தால் மெஷின் மெதுவாகச் சுற்றும் அல்லது சுற்ற முயன்று முனகும். பாடியில் கரண்ட் கசிகிறதா என்பதை இந்த பல்பு சொல்லாது. அதற்கு 500 வோல்ட் மெக்கர் என்ற இன்சுலேஷன் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், எந்த ரிப்பேர் கடையிலும் ஒரு நிமிட வேலை. வீட்டு மெயினில், கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாதவர்கள் மெஷினைப் பிரிப்பதற்குமுன் அதை மாட்டுங்கள்.

சுவிட்ச் போய்விட்டது, கடையில் கிடைக்கவில்லை, 'டைரக்ட்' கொடுத்துவிட்டேன் என்பவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பிளக்கைச் சொருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும் மெஷின் அது. கோவைப்புதூர் பக்கம் வீட்டில் கேட் அடித்துக்கொண்டிருந்த ஒருவர், வேலை நடுவே கரண்ட் போனதும் மெஷினைத் தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். பிளக்கைப் பிடுங்கவில்லை. கரண்ட் வந்தது. மெஷின் தரையில் துள்ளி, வயரைத் தானே வெட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். சுவிட்ச் நல்ல நிலையில் இருக்கும் மெஷினிலும் இது நடக்கும், ஆன் செய்து லாக் போட்டபடியே கீழே வைத்தால். கரண்ட் போனதும் முதலில் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள்.

கேரி பேக்கில் எப்போதும் வராத பாகம் ஒன்று உண்டு: டிஸ்க்கின்மேல் இருக்கும் கார்டு என்ற தடுப்புத் தகடு. இது ரிப்பேருக்குக் கழற்றி மறந்துபோனது இல்லை, வாங்கிய அன்றே கழற்றி எறிந்தது. நாலு இஞ்ச் மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடினால் டிஸ்க்கின் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்குமேல் போகிறது. வந்தே பாரத்தைக்கூட 160-க்குமேல் ஓட்டுவதில்லை. அந்த வேகத்தில் உடையும் துண்டுக்கும் உங்கள் முகத்துக்கும் நடுவே இருப்பது அந்தத் தகடு ஒன்றுதான். கார்டு இருந்தால் அஞ்சு இஞ்ச் டிஸ்க் உள்ளே போகாது என்று கழற்றுகிறார்கள். நாலு இஞ்ச் டிஸ்க்கின் துளை 16 மில்லிமீட்டர், அஞ்சு இஞ்சுக்கு 22 சொச்சம். நடுவில் உட்காராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் சுற்றும். மரம் அறுக்கும் பல் பிளேடை இதில் மாட்டுவது இன்னும் மோசம். பல் மரத்தைக் கவ்விய நொடியில் மெஷின் உங்களை நோக்கித் துள்ளும். வாத்தியாரிடமும் அப்படி ஒரு பிளேடு இருந்தது. மரவேலைக்காரர் என்பதால் நல்ல பிளேடாகவே வாங்கியிருந்தார். கேட்டு வாங்கி என் டிராயரில் போட்டுவிட்டேன்.

அவருடைய மெஷினில் வளையம், தொப்பி, கிளாம்ப் மூன்றையும் என் முன்னாலேயே அவரை மாட்டச் சொன்னேன். வயரை அளவானதாக மாற்றினோம். மெக்கர் வைத்துப் பார்த்துக் கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்துப் போன் வந்தது. கார்பன் மாற்றினாராம், எல்லாம் படம் எடுத்து வைத்துத்தான் செய்தாராம். "தம்பி, இந்தத் தடவை சாமான் ஒண்ணுகூட மிஞ்சலை" என்றார். சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆனா ஒரு ஓட்டை மிஞ்சியிருக்கு" என்றார்.