சீலியாக்: தமிழில் என்ன சொல்லலாம்?

டெல்லியில் மயூர் விஹார், ஆர்.கே.புரம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் யாருக்காவது வருஷக்கணக்கில் அஜீரணமும் உப்புசமும் இருந்து, கடைசியில் டாக்டர் ‘சீலியாக்’ என்று எழுதிவிட்டால், அது வீட்டுக்கு வரும்போது ‘கோதுமை அலர்ஜி’ ஆகிவிடுகிறது. இந்திக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இது அலர்ஜி இல்லை. உடலின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்.

கிரேக்க மொழியில் ‘கொய்லியா’ என்றால் வயிறு. இன்றைய துருக்கியிலுள்ள கப்படோக்கியாவைச் சேர்ந்த அரெட்டேயஸ் என்ற பழங்கால மருத்துவர், தீராத வயிற்றுப்போக்கால் மெலிந்தவர்களை ‘கொய்லியாகோஸ்’ என்றார். வயிற்று நோயாளி, அவ்வளவுதான் பொருள். 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ அதே பெயரில் நோயை விவரித்தார். கோதுமைதான் காரணம் என்று நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950இல் ஆய்வேடாக எழுதியபோது பெயர் ஏற்கெனவே ஊன்றிவிட்டிருந்தது. ஆகவே அதில் காரணத்தைத் தேடிப் பயனில்லை.

கோதுமையில் இருக்கும், நோய்க்குக் காரணமான புரதம் குளூட்டன். லத்தீனில் அதற்குப் பசை என்று பொருள். தமிழில் ‘பசையம்’ கச்சிதமாகப் பொருந்துகிறது. (ஒரு ‘ச்’ கூடினால் இலையிலிருக்கும் பச்சையம் ஆகிவிடும், தட்டச்சு செய்பவர்கள் ஜாக்கிரதை.) பழைய வைத்தியத்தின் ‘கிராணி’யை இதற்குச் சொல்லலாமா? எனக்குச் சம்மதமில்லை. கிராணி என்றால் நாள்பட்ட கழிச்சல். பெரியவர்களில் பலருக்குக் கழிச்சலே இருக்காது. மந்தம், மலச்சிக்கல், மாத்திரைக்கு அடங்காத இரும்புச்சத்துக் குறைவு, வாய்ப்புண், எலும்புத் தேய்மானம் என்று வேறு வேஷங்களில் வரும். காரணமும் இடமும் சேர்ந்து வரும் ‘பசையக் குடல்நோய்’ என்பதே என் தேர்வு. மருத்துவச் சீட்டில் மட்டும் சீலியாக் என்றே இருக்கட்டும்.

‘அலர்ஜி’ என்ற பெயரால் ஒரு நிஜமான கெடுதல் உண்டு. ஒத்துக்கொள்ளவில்லை என்று சப்பாத்தியை நிறுத்திவிட்டு, மாதங்கள் கழித்துப் பரிசோதனைக்குப் போகிறார்கள். முதலில் பார்ப்பது டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை; பிறகு எண்டோஸ்கோபி வழியாகச் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்து, குடலுறிஞ்சிகள் (உணவின் சத்தை உறிஞ்சும், விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள்) தேய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கோதுமையை நிறுத்தியிருந்தால் இரண்டுமே நோயில்லை என்று காட்டிவிடலாம். அதனால் முடிவு தெரியும்வரை வழக்கம்போலச் சாப்பிட வேண்டும்.

நோய் உறுதியானால் கோதுமையும் பார்லியும் ஆயுளுக்கும் கிடையாது. அரிசிக்காரர்களுக்கு என்ன கஷ்டம் என்று தோன்றும். ரவா தோசையும் சேமியா பாயசமும் கோதுமை வகை என்பது அப்புறம்தான் உறைக்கும். சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.