சோனிக் ஹெட்ஜ்ஹாக்: சொல் விளக்கம்

மனிதரின் 7-ஆம் குரோமோசோமின் நீள்கரத்தில், ஏறக்குறைய அதன் நுனியில் இருக்கும் ஒரு மரபணு. அந்த மரபணுவின் கட்டளைப்படி உருவாகி, செல்லை விட்டு வெளியேறி, அக்கம்பக்கத்துச் செல்களுக்குச் சமிக்ஞை தரும் புரதத்துக்கும் இதே பெயர்தான். சுருக்கம்: எஸ்.எச்.எச். தமிழில்: சோனிக் முள்ளெலி மரபணு, சோனிக் முள்ளெலிப் புரதம்.

பெயரின் வேர் பழ ஈயில் இருக்கிறது. கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷவுஸ் இருவரும் டிரோசோஃபிலா ஈக்களில் மரபணுக்களைப் பழுதாக்கி, லார்வாவின் உடற்கண்டங்கள் எப்படிக் குலைகின்றன என்று பார்த்தார்கள். முடிவுகள் 1980-இல் வெளியாயின. 1995-இல் எட்வர்ட் லூயிஸுடன் நோபல் பரிசையும் பெற்றார்கள். நலமான லார்வாவின் வயிற்றுப்புறத்தில் ஒவ்வொரு கண்டத்தின் முன்பாதியில் மட்டும் நுண்பற்கள் பட்டையாக இருக்கும், பின்பாதி வழவழப்பானது. ஒரு குறிப்பிட்ட மரபணு கெட்டபோது வழவழப்பான இடமெல்லாம் பற்கள் முளைத்து, லார்வா குறுகி, முள் போர்த்தியதாகத் தோன்றியது. ஹெட்ஜ்ஹாக், அதாவது முள்ளெலி, என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஈ ஆய்வாளர்களிடையே, மரபணு பழுதானால் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதையே பெயராக வைப்பது வழக்கம். ஆகவே முள்ளை உண்டாக்குவது இதன் வேலையல்ல; இது இல்லாதபோதுதான் முள் பரவுகிறது. பெயரைப் பார்த்து வேலையை ஊகிப்பவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது.

1993-இல் முதுகெலும்பிகளில் இதன் உறவு மரபணுக்கள் மூன்று அறிவிக்கப்பட்டன. இரண்டுக்கு உண்மையான விலங்கினங்களின் பெயர்: இந்திய முள்ளெலி, பாலைவன முள்ளெலி. மூன்றாவதற்கு, கிளிஃப் டாபின் ஆய்வகத்தில் இருந்த ராபர்ட் ரிடில், சேகா நிறுவனம் 1991-இல் வெளியிட்ட வீடியோ விளையாட்டின் நீலநிற நாயகன் சோனிக்கின் பெயரைச் சூட்டினார். விளையாட்டுத்தனம் அதோடு நிற்கவில்லை. இந்தப் புரதத்தைத் தடுக்கும் ஒரு சேர்மத்துக்கு, சோனிக்கின் எதிரியான டாக்டர் ரோபாட்னிக்கை நினைத்து ரோபாட்னிகினின் என்று பெயர் வைத்தார்கள்.

தமிழாக்கத்தில் வரும் பெரிய பிழை ‘முள்ளம்பன்றி’. அது நீண்ட முட்கள் கொண்ட கொறிணி, வேறு விலங்கு. ஹெட்ஜ்ஹாக் என்பது பந்தாகச் சுருண்டுகொள்ளும் சிறிய முள்ளெலி. பெயரில் எலி இருந்தாலும் அது கொறிணி அல்ல, பூச்சியுண்ணி. அடுத்த பிழை, ‘சோனிக்’ என்பதை ‘ஒலி’ என்று மாற்றுவது. அது பாத்திரத்தின் பெயர். ‘ஒலி முள்ளெலி’ என்றால் செவித்திறனோடு தொடர்புடைய மரபணு என்று வாசகர் நினைப்பார். எனவே சோனிக்கை ஒலிபெயர்க்க வேண்டும், முள்ளெலியை மொழிபெயர்க்க வேண்டும். இன்னொன்று: ரோமன் எழுத்தில் மரபணுவைச் சாய்வெழுத்திலும் புரதத்தை நேரெழுத்திலும் அச்சிட்டு வேறுபடுத்துவார்கள். தமிழில் சாய்வெழுத்தை நம்ப முடியாது. ‘மரபணு’, ‘புரதம்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவதே நல்லது. ‘எஸ்.எச்.எச். குறைந்தது’ என்று மொட்டையாக எழுதினால் எது குறைந்தது என்றே தெரியாது.

புரதம் முதலில் 462 அமினோ அமிலங்கள் நீளத்தில் உருவாகிறது. முன்முனையின் 23 அமிலங்கள் வெளியேற்றக் குறியீடு; அவை வெட்டி எறியப்படும். பிறகு நடப்பது அரிது: புரதத்தின் பின்பாதி தன்னைத்தானே வெட்டிக்கொண்டு, 197-ஆம் இடத்திலுள்ள கிளைசினில் ஒரு கொலஸ்டிரால் மூலக்கூறை ஒட்டிவிடுகிறது. முன்முனையில் ஒரு பால்மிடிக் அமிலமும் சேர்கிறது. சமிக்ஞை தருவது 174 அமிலங்கள் கொண்ட இந்த முன்பாதிதான். இரு முனைகளிலும் கொழுப்பு ஒட்டியிருப்பதால் அது செல்சவ்வை எளிதில் விடாது; அவிழ்த்து அனுப்ப டிஸ்பேட்ச்டு என்ற தனிப் புரதம் தேவை. பிறந்த இடத்தில் அடர்த்தியாகவும் தள்ளிப்போகப் போகக் குறைவாகவும் பரவுவதால், எவ்வளவு வந்து சேர்கிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைப் பொறுத்துச் செல்கள் வெவ்வேறு வகையாக மாறுகின்றன. இப்படிச் செயல்படும் பொருளை உருவமைப்பி எனலாம்.

பெறும் செல்லில் சமிக்ஞையைப் பிடிக்கும் புரதமான ஏற்பியின் பெயர் பேட்ச்டு. இங்கே தருக்கம் தலைகீழ். சமிக்ஞை வராதபோது பேட்ச்டு, ஸ்மூதன்டு என்ற இன்னொரு புரதத்தை அடக்கி வைத்திருக்கும். கிளி எனப்படும் புரதங்கள் (பறவைக்கும் இதற்கும் தொடர்பில்லை) வெட்டுப்பட்டு மரபணுக்களை அணைக்கும் வடிவத்தில் இருக்கும். சோனிக் முள்ளெலிப் புரதம் வந்து பேட்ச்டைப் பிடித்ததும் அடக்குமுறை விலகுகிறது. ஸ்மூதன்டு, செல்லின் மேற்பரப்பில் மயிர்போல நீட்டியிருக்கும் முதன்மைக் குற்றிழைக்குள் நுழைய, கிளி புரதங்கள் முழு வடிவில் உட்கருவுக்குப் போய் மரபணுக்களை இயக்குகின்றன. ஏற்பி கெட்டால் சமிக்ஞை நின்றுபோகும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. பேட்ச்டு கெட்டாலோ சமிக்ஞை நிற்காமல் ஓடும்.

புரதத்தின் அளவு குறைந்தால் முதலில் அடிபடுவது முகமும் முன்மூளையும். மரபணுவின் இரண்டு படிகளில் ஒன்று கெட்டாலே முன்மூளை இரு பாதிகளாகப் பிரியாத குறைபாடு வரலாம். ஒரே குடும்பத்தில், ஒரே பிறழ்வோடு, ஒருவருக்கு நடுவில் ஒற்றை வெட்டுப்பல் மட்டும் இருக்கும். இன்னொருவருக்கு மூளையே பிரிந்திராது. இப்படிப்பட்ட குழந்தையின் பெற்றோரிடம் விளையாட்டு நாயகனின் பெயரைச் சொல்வது மருத்துவர்களுக்குச் சங்கடம். அறிக்கையிலும் பேச்சிலும் எஸ்.எச்.எச். என்ற சுருக்கமே போதும்.

இடம் தவறினாலும் சிக்கல். கருவில் கையாக வளரும் மொட்டில் சுண்டுவிரல் பக்கம் மட்டுமே இந்தப் புரதம் சுரக்க வேண்டும். அதைக் கட்டுப்படுத்தும் டி.என்.ஏ. துண்டு, மரபணுவிலிருந்து சுமார் 10 லட்சம் காரங்கள் (டி.என்.ஏ.வின் எழுத்துகள்) தள்ளி, வேறொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள், அதாவது புரதக் கட்டளை இல்லாத இடைப்பகுதிக்குள், கிடக்கிறது. அங்கே ஓர் எழுத்து மாறினால் கட்டைவிரல் பக்கமும் சுரந்து, கூடுதல் விரல் முளைக்கலாம். பூனைகளிலும் ஆறு விரல் வருவதற்கு இதே துண்டின் பிறழ்வுகள் காரணமாகின்றன.

சமிக்ஞை மிகையானால் புற்று. தோலின் அடித்தளச் செல் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் பேட்ச்டு செயலிழந்திருக்கும், அல்லது ஸ்மூதன்டு தானே விழித்துக்கொண்டிருக்கும். மருந்துக்கான வழியைக் காட்டியது ஒரு களை. வெரட்ரம் கலிஃபோர்னிகம் என்ற அந்தச் செடியைச் சினையின் 14-ஆம் நாள் வாக்கில் தின்ற ஆடுகள் ஒற்றைக்கண் குட்டிகளை ஈன்றன. காரணம் செடியிலுள்ள சைக்ளோபமைன் என்ற நச்சு; அது ஸ்மூதன்டைப் பிடித்து முடக்குகிறது. அதே இலக்கைத் தாக்கும் விஸ்மோடெகிப் என்ற புற்று மருந்து 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தசைப்பிடிப்பு, சுவை இழப்பு, முடி உதிர்தல் அதன் வழக்கமான பக்கவிளைவுகள். கருவுக்கு என்ன செய்யும் என்பதை அந்த ஆட்டுக்குட்டிகளே காட்டிவிட்டதால் கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. பழுது ஸ்மூதன்டுக்குக் கீழே, கிளி மட்டத்தில் இருந்தால் இந்த மருந்து பயன்படாது. ஸ்மூதன்டில் மருந்து அமரும் இடமே பிறழ்ந்துவிட்டாலும் கட்டி மீண்டும் வளரத் தொடங்கும்.